கேடயத்தைத் திருப்பிப் பாருங்க

போட்டி மேசையில் ஒரு கேடயம் இருக்கிறது. முன்பக்கம் வெள்ளிப் பூச்சு, நடுவில் காட்டுப்பன்றித் தலை, ஓரம் முழுக்க ஆணி அடித்த பட்டை. தள்ளி நின்று பார்த்தால் இரும்பேதான். நாலு போட்டி பார்த்த நடுவர் அங்கேயே நின்று ரசிக்கமாட்டார். எடுத்துத் திருப்புவார். வார் எங்கே கோத்திருக்கிறது, இழுத்தால் வருமா, முழங்கை படுகிற இடத்தில் மெத்தை இருக்கிறதா, பசை வழிந்து காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பன்றித் தலைக்கு வருவார். லார்ப் கூடலின் கைவினைப் போட்டி மற்ற ஓவியப் போட்டி, பொம்மைப் போட்டியிலிருந்து வேறாவது இங்கேதான். மேசையில் இருக்கும் பொருள் மத்தியானம் களத்துக்குப் போகும். அடி வாங்கும்.

புதிதாக வருகிறவர்களுக்கு: லார்ப் என்பது வேடம் போட்டு, ஒரு கற்பனை உலகத்து ஆளாகவே ஒரு நாளோ இரண்டு நாளோ நடந்து, பேசி, ஃபோம் சுற்றிய ஆயுதத்தால் சண்டையும் போடுகிற விளையாட்டு. சண்டைதான் வெளியே தெரியும். ஆனால் கைவேலைக்கு இதில் எப்போதும் தனி மரியாதை உண்டு. 1966-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய எஸ்சிஏ, லார்ப்புக்குப் பக்கத்து வீடு மாதிரியான இடைக்கால மறுஉருவாக்க அமைப்பு. அங்கே சண்டையில் தேர்ந்தவருக்கு நைட் பட்டம் என்றால், கைவினையில் தேர்ந்தவருக்கு அதே உயரத்தில் லாரல் பட்டம். 1983-ல் டெக்சாஸின் எல் பாசோவில் பிறந்த ஆம்ட்கார்ட் என்ற லார்ப் அமைப்பில் கலை, கைவினைக்கென்றே டிராகன்மாஸ்டர் என்று ஒரு போட்டி இருக்கிறது. இங்கே ஒரு தென்னந்தோப்பில், சாளைக்கு முன்னால் பதினைந்து பேர் கூடினாலும் மேசை போட்டு ஒரு போட்டி வைக்கலாம். கொங்கு நாட்டில் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. துணி, நார், மஞ்சள், கம்பி, லேத் பட்டறை எல்லாம் பத்து இருபது மைலுக்குள் கிடைக்கும்.

முதலில் அந்தக் கேடயம். இவிஏ ஃபோம் ஷீட் 10 மி.மீ. கனத்தில் இரண்டு வேண்டும். செருப்புச் சாமான் விற்கிற கடையில் கேளுங்க. பொம்மைக் கடை ஃபோம் விரிப்பை விட விலை குறைவு, அடர்த்தியும் அதிகம். கட்டை விரலால் அழுத்தி விட்டால் குழி உடனே மேலே வரவேண்டும். வராத ஷீட் இரண்டு சண்டைக்குள் சப்பளிந்துவிடும்.

அறுபது செ.மீ. வட்டக் கேடயம் என்றால் ஷீட்டை வட்டமாக வெட்டிவிட்டு ஒட்டாதீங்க. எல்லாரும் செய்கிற முதல் தப்பு அதுதான். கேடயம் வளைவாக இருக்கவேண்டும். வளைவில் வெளிப்பக்கத்து ஷீட் உள்பக்கத்து ஷீட்டை விடக் கொஞ்சம் நீளமாக ஓடும். ஒரே அளவில் வெட்டி ஒட்டினால் ஓரம் படிக்கட்டு மாதிரி நிற்கும். சதுரமாகவே வைத்து ஒட்டி, காய்ந்த பிறகு வட்டம் போட்டு வெட்டவேண்டும். வளைவுக்கு 200 லிட்டர் தண்ணி டிரம்மைப் படுக்கப் போட்டு, அதன் மேல் வைத்து ஒட்டுங்க. இரண்டு ஷீட்டும் வளைந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டால் டிரம்மிலிருந்து எடுத்த பிறகும் வளைவு போகாது.

ஒட்டுவதற்கு முன்னால் வார். கேடயம் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். பை தைக்கிற கடையில் கிடைக்கும் 38 மி.மீ. நைலான் நாடா போதும். உள்பக்கத்து ஷீட்டில் மட்டும் கீறல் போட்டு, நாடாவை அதன் வழியே நுழைத்து, இரண்டு ஷீட்டுக்கும் நடுவில் பக்கத்துக்குப் பத்து செ.மீ. படுக்க வைத்து ஒட்டவேண்டும். இழுப்பு அந்தப் பத்து செ.மீ. முழுக்கப் பரவும். பின்பக்கத்தில் மேலாக ஒட்டிய வார் அரை மணி நேரத்தில் பிய்ந்து வரும். போல்ட் போட்டு முடுக்கிய வார் பிய்யாது, ஆனால் போல்ட்டின் தலை எதிராளி முகத்துக்கு நேராக நிற்கும். பாதுகாப்புச் சோதனையிலேயே அதைத் தள்ளிவிடுவார்கள்.

பசை: ரப்பர் சொல்யூஷன் வகை, ஃபெவிகால் எஸ்ஆர் 998 மாதிரி. இந்த அளவுக்குக் கால் லிட்டர் ஆகும். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத வரைக்கும் காயவிடுங்க. பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகும், காற்று ஈரமாக இருந்தால் இன்னும் கொஞ்சம். அப்புறம் நடுக்கோட்டில் வைத்து வெளியே பார்த்து அழுத்திக்கொண்டு போகவேண்டும். ஒருமுறை தொட்டால் தொட்டதுதான், நகர்த்த முடியாது. ஈரத்தோடு ஒட்டினால் உள்ளே கரைப்பான் மாட்டிக்கொள்ளும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கரூர் வெயிலில் காரின் டிக்கியில் இரண்டு மணி நேரம் கிடந்த பிறகு வாய் பிளந்துகொண்டு வரும். வெட்டிய ஓரம் பசையை உறிஞ்சும், அங்கே மட்டும் இரண்டு கை பூசுங்க. வாசலில் வைத்துச் செய்யுங்க, மூடிய அறையில் வேண்டாம்.

கத்தி மழுங்கினால் ஓரம் எலி கடித்த மாதிரி வரும். பேப்பர் கட்டர் பிளேடைப் பத்து வெட்டுக்கு ஒருமுறை ஒடித்துப் புதுமுனை எடுப்பதில் கஞ்சத்தனம் பார்க்கவேண்டாம். பலகை விரிசல், இரும்புத் தகடு இணைப்பு மாதிரி கோடுகள் வேண்டுமென்றால் 2 மி.மீ. ஆழத்துக்குக் கீறிவிட்டு ஹீட் கன் காட்டுங்க, கீறல் தானாக வாய் திறந்து கோடாக நிற்கும். மேற்பரப்பு முழுக்கவும் ஒருமுறை சூடு காட்டவேண்டும், நுரையின் கண் மூடி லேசாகப் பளபளப்பு வரும். இதைச் செய்யாமல் பெயின்ட் அடித்தால் ஷீட் குடித்துக்கொண்டே இருக்கும். முடி உலர்த்துகிற கருவியின் சூடு இதற்குப் போதாது. ஒரே இடத்தில் நிறுத்தினால் அப்பளம் மாதிரி கொப்புளிக்கும், அதைச் சரிசெய்ய வழி இல்லை.

மேலே வெள்ளை ஃபெவிகாலைச் சரிபாதித் தண்ணியில் கலந்து மூன்று நாலு கை பூசுவது மலிவான வழி. கேடயத்துக்குப் பரவாயில்லை, அதிகம் வளையாது. கைக்கவசத்துக்கும் வாளுக்கும் அது ஆகாது. வளைக்க வளைக்க வெடித்துச் செதில் செதிலாக உதிரும், ஈரம் பட்டால் பிசுபிசுக்கும். அவற்றுக்குத் திரவ ரப்பர் பால்தான், மெல்லிசாக நாலு முதல் ஆறு கை. கடைசியில் டால்கம் பவுடர் தடவினால் ஒன்றோடு ஒன்று ஒட்டாது. ரப்பர் பாலுக்கு இரண்டு எதிரி. ஒன்று எண்ணெய். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்துவிட்டு அதே கையோடு வாளைப் பிடித்தால், பிடி கொஞ்ச நாளில் உப்பிப் பிசுக்காகிவிடும். நம் ஊரில் இதைச் சொல்லிவைத்தே ஆகவேண்டும். இன்னொன்று செம்பு. அழகுக்காகப் பிடியில் செம்புக் கம்பி சுற்றுகிறவர்கள் அதை ரப்பர் மேலேயே சுற்றினால், கம்பி பட்ட இடமெல்லாம் பழுத்து இளகும். நடுவில் தோலோ துணியோ ஒரு சுற்று வேண்டும். ரப்பர் பால் சிலருக்கு ஒவ்வாது, தடிக்கும். பொருளின் குறிப்பில் ரப்பர் பால் பூசியது என்று எழுதிவையுங்க.

வாளின் உள்கம்பு பற்றி ஒரே ஒரு விஷயம். மூங்கில் வேண்டாம். மூங்கில் உடைந்தால் சிலாம்பு ஈட்டியாக வெளியே வரும். எஸ்சிஏ சண்டையில் பிரம்பு வைத்திருப்பதற்குக் காரணம், அது அடிபட்டால் நார் நாராகப் பிரியுமே தவிரக் கூராக உடையாது. ஃபோம் வாளுக்குக் கனமான தண்ணிக் குழாய் பிவிசி நல்லது. கரண்ட் வயர் போகிற மெல்லிய குழாய் சில்லுச் சில்லாக உடையும். குழாய் முனையில் மூடி, அதற்கு மேல் தடித்த தோல் வட்டம், அதையும் தாண்டி ஐந்து செ.மீ.க்குக் குறையாமல் ஃபோம்.

பன்றித் தலை என்றதும், கொங்கு நாட்டுப் பாட்டுக் கதையான அண்ணமார் கதையில் வரும் கொம்பன் என்ற காட்டுப்பன்றி நினைவுக்கு வந்திருக்கும். கொங்கு உலகத்தைத் தழுவிக் கற்பனை நாடு ஒன்று கட்டுகிறவர்களுக்கு அந்தப் பன்றியும், புலியோடு போராடிச் செத்த வீரருக்கு நட்ட புலிகுத்திக் கற்களில் செதுக்கியிருக்கும் ஆளும் குறுவாளும் பெரிய புதையல். நடுகல்லில் வாளின் அளவு, கொண்டை முடிச்சு, இடைக்கச்சு எல்லாம் தெளிவாகவே தெரியும். வரைந்துகொண்டு வந்து செய்யலாம். அந்தக் கதையின் நாயகர்களான பொன்னர் சங்கர் பெயரை மட்டும் விட்டுவிடுங்க. அவர்கள் இங்கே கும்பிடுகிற சாமி. மெத்தை வாளால் அடி வாங்குகிற பாத்திரமாக்கினால் தோட்டத்துக்காரர் அடுத்த முறை இடம் கொடுக்கமாட்டார். அவர் செய்வது நியாயமும்கூட.

இனிக் கொடி. துணி வேலையில்தான் இந்த ஊர்க்காரர் ஜெயிக்கவேண்டும், ஆனால் பலர் கடையில் பாலியெஸ்டர் வாங்கி அக்ரிலிக் பெயின்ட் அடித்துக் கொண்டுவருகிறார்கள். சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் காடாத் துணி இரண்டு மீட்டர் எடுங்க. ஒரு மீட்டர் அகலத்தில் சுமார் 300 கிராம் நிற்கும். இனி வரும் அளவெல்லாம் அந்த 300 கிராமுக்கு.

காடாவில் பாவுக்குப் போட்ட கஞ்சி இருக்கும். ஒரு ராத்திரி வெறும் தண்ணியில் ஊறவைத்து அலசி, ஆறு லிட்டர் தண்ணியில் பத்துக் கிராம் சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வையுங்க. தண்ணி டீ நிறத்தில் வந்தால் வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். திருப்பூர்க் கட்டிங் துணியில் செய்வதானாலும் இதே வேலை உண்டு, அங்கே பிரச்சினை கஞ்சி இல்லை, மென்மைக்குப் பூசிய சாஃப்ட்னர். ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. உடனே உறிஞ்சினால் சாயம் ஏறும். முத்து மாதிரி மேலே உருண்டால் ஏறாது, திட்டுத்திட்டாக நிற்கும். ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்திப் பார்ப்பதும் நல்லது. காகிதம் எரிகிற வாசத்தோடு சாம்பலானால் பருத்தி, உருகி மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர் கலந்தது.

அடுத்து, சாயம் பிடிப்பதற்கு 60 கிராம் கடுக்காய்ப் பொடி. வெந்நீரில் கரைத்து, துணி முழுகும் அளவு தண்ணி சேர்த்து, ராத்திரி ஊறவிட்டுப் பிழிந்து, அலசாமல் நிழலில் விரித்துக் காயவிடவேண்டும். கயிற்றில் மடித்துப் போட்டால் மடிப்பில் கறை கட்டும், அந்தக் கோடு கடைசி வரைக்கும் போகாது. காய்ந்ததும் 45 கிராம் படிகாரம் கரைத்த தண்ணியில் ஒரு ராத்திரி.

நிறத்துக்கு எல்லாரும் மஞ்சள் தூளைத்தான் எடுப்பார்கள். ஈரோட்டு மஞ்சள் 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது, வாசலிலேயே கிடைக்கிறது, நிறம் கண்ணைப் பறிக்கும். ஆனால் மஞ்சள் சாயம் வெயிலுக்கு நிற்காது. காலையில் ஏற்றிய கொடி பொழுதோடு பார்த்தால் ஒரு பங்கு வெளுத்திருக்கும். சோப்புத் தண்ணி தெறித்தால் அந்த இடம் சிவந்துவிடும். கொடிக்குச் செண்டுமல்லியே மேல். சத்தியமங்கலம் பூச்சந்தையில் விலை விழுகிற நாளில் 600 கிராம் வாங்கி, இதழை மட்டும் உதிர்த்து, முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி, அதில் துணியைப் போட்டு மெதுவான தீயில் இன்னொரு முக்கால் மணி. எவர்சில்வர் பாத்திரம்தான். இரும்புச் சட்டியில் போட்டால் மஞ்சள் பாசி நிறமாகும். அந்தப் பாத்திரம் திரும்பச் சமையலுக்கு வரக்கூடாது.

சித்திரக் கோடு கடைசியில். துருப்பிடித்த ஆணி, லாடம், இரும்புத் துண்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் போட்டு, நாட்டுச் சர்க்கரை கரைத்த தண்ணி ஊற்றி இரண்டு மூன்று வாரம் விடவேண்டும். நுரைத்துப் புளித்து நாறும், அது நல்ல அறிகுறி. மூடியை இறுக்காதீங்க, வாயு கட்டும். கவுந்தப்பாடிச் சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சரக்கு, அதைத் துருவில் கொட்டுவதா என்று வீட்டில் கேட்பார்கள். இளகிப்போன மட்டச் சர்க்கரையே போதும். வடிகட்டிய இரும்புத் தண்ணியில் கொஞ்சம் கஞ்சி சேர்த்துத் தூரிகையால் வரைந்தால், கடுக்காய் ஏறிய துணியில் கண் முன்னாலேயே கறுக்கும். கடுக்காய் ஏறாத துணியில் வெறும் துருப்பழுப்புதான் வரும். கறுப்பு இன்னும் வேண்டுமென்று கோட்டின் மேல் கோடாக இழுக்காதீங்க, இரும்பு அதிகமானால் பருத்தி நொய்ந்து ஆறு மாதத்தில் அந்தக் கோட்டிலேயே கிழியும். ஒரு நாள் விட்டு, நிறையத் தண்ணியில் அலசுங்க. மிச்சக் கரைசலை ஓடையிலோ கிணற்றுப் பக்கமோ ஊற்றவேண்டாம். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போடுகிற அளவுக்கு நொய்யல் ஆறு பட்டதே போதும்.

காற்றையும் கணக்கில் வையுங்க. ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி, உடுமலை பக்கம் கம்பத்தையே சாய்க்கும். அம்மி பறக்கிற ஊரில் கொடி எம்மாத்திரம். கம்பத்துப் பக்க ஓரத்தை இரட்டையாக மடித்து உள்ளே கயிறு விட்டுத் தையுங்க, கட்டுவது அந்தக் கயிற்றில். துணியில் ஓட்டை போட்டுக் கட்டினால் ஓட்டையிலிருந்துதான் கிழிசல் ஆரம்பிக்கும்.

மஞ்சள் தூளைத் தள்ளிவைக்கவேண்டாம், அதற்கு வேறு வேலை இருக்கிறது. மந்திர ஓலை. ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளை 50 மி.லி. சர்ஜிகல் ஸ்பிரிட்டில் கலக்கித் தெளியவிட்டு, மேல் தெளிவை ஓவியத் தாளில் பூசிக் காயவையுங்க. பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது. எலுமிச்சைச் சாற்றால் எழுதிக் காயவிட்டால் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. விளையாட்டில் அந்த ஓலையைக் கண்டெடுக்கிறவர் தீர்த்தம் தெளிக்கிறார், தாள் முழுக்கச் சிவக்கிறது, எழுத்து மட்டும் மஞ்சளாக நிற்கிறது. தீர்த்தம் என்பது 100 மி.லி. தண்ணியில் அரை ஸ்பூன் சலவை சோடா. சோடா கூடினால் எலுமிச்சையையும் அமுக்கிவிட்டு எழுத்தும் சிவந்து காணாமல் போகும். அதனால் நாலு தாளில் சோதித்துப் பார்த்துக் கலவையை முடிவு செய்யுங்க. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து பார்த்த ஆத்தாக்களுக்கு இதில் ஒரு மந்திரமும் இல்லை. ஆனால் செலவு முப்பது ரூபாய், ஆட்டத்துக்கு நடுவே கதையையே நகர்த்துகிறது. வெறும் அலங்காரத்துக்கு வைத்த பொருளை விட இது மதிப்பெண் வாங்கவேண்டும் என்பதே எங்கள் கட்சி.

வளையக் கவசம் செய்கிறவர்களுக்குச் சுருக்கமாக. கட்டுக்கம்பி வேண்டாம், கையாலேயே விரியும். வேலிக்குப் போகும் 16 கேஜ் ஜிஐ கம்பி, 1.6 மி.மீ. அதை 8 மி.மீ. தண்டில் சுற்றினால் ஒன்றுக்கு ஐந்து விகிதம் வரும், ஒரு வளையத்தில் நாலு கோக்கும் பின்னலுக்குச் சரியாக இருக்கும். சுற்றி விட்டதும் கம்பி கொஞ்சம் விரியும் என்பதை மறக்கவேண்டாம். கோவையில் ஏதாவது ஒரு லேத் பட்டறையில் சொன்னால் நிமிஷத்தில் சுற்றிக் கொடுப்பார்கள். முழுச் சட்டைக்குப் பத்தாயிரம் வளையத்துக்குக் குறையாது. போட்டிக்குக் கழுத்துக் கவசம் ஒன்று போதும், வாய் சேராத வளையம் ஒன்றுகூட இல்லாமல். நடுவர் அதன் மேல் ஒரு பழைய நைலான் சாக்ஸை இழுத்துப் பார்ப்பார், எங்காவது சிக்கினால் தெரிந்துவிடும். நகைக்காரர்கள் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த சூதுபவள மணிகளின் படங்களைப் பார்த்துவிட்டு மணி கோக்கட்டும், பிளாஸ்டிக் முத்து வேண்டாம்.

போட்டி நடத்துகிறவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. ஐந்து தலைப்பு போதும்: கைத்திறன், வேலையின் கடினம், ஆட்ட உலகத்துக்குப் பொருத்தம், களத்தில் பயன், எழுத்துக் குறிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண், மூன்று நடுவர். தன் பொருள் இருக்கிற பிரிவில் யாரும் நடுவராக உட்காரக்கூடாது. எல்லாருக்கும் நாலு போட்டுவிட்டு எழுந்துபோவதுதான் பெரிய வியாதி. மூன்று என்றால் பிழையில்லாத சாதாரண வேலை என்று தொடங்கும் முன்னாலேயே தாளில் எழுதி ஒட்டிவிட்டால் பாதி குணமாகும். இரண்டு நடுவர்களின் எண் இரண்டுக்கு மேல் தள்ளிப்போனால் பொருளை வைத்துக்கொண்டு பேசவேண்டும், சராசரி போட்டு மூடக்கூடாது. காலை வெளிச்சத்தில் ஒரு பார்வை, சண்டை முடிந்து அதே பொருளுக்கு இன்னொரு பார்வை. களத்தில் பயனுக்கான எண் அப்போதுதான் போடவேண்டும்.

குறிப்பு ஒரு பக்கம். ஆட்டத்தில் இது யாருடையது, எந்தப் பொருளால் ஆனது, எது கடையில் வாங்கியது, எது இயந்திரத்தில் வெட்டியது அல்லது அச்சடித்தது, எங்கே தப்பியது, அதை எப்படிச் சரிக்கட்டினோம். கடையில் வாங்கிய கொக்கியை வாங்கியது என்று எழுதினால் ஒரு மதிப்பெண்ணும் குறையாது. எழுதாமல் விட்டு நடுவர் கண்டுபிடித்தால் மற்ற வேலையும் சந்தேகத்துக்கு வரும்.

மேசைக்குப் பவானி ஜமக்காளம் விரிக்கிற ஆசை எல்லாருக்கும் வரும். அதன் பட்டைக் கோட்டுக்கு முன்னால் எந்தப் பொருளும் எடுபடாது. தரையில் விரித்து உட்காருங்க, மேசைக்கு மிச்சக் காடாத் துணி போதும். மேசை நிழலில் இருக்கட்டும், ஆனால் தென்னைக்கு நேர் கீழே வேண்டாம். மட்டையும் நெத்தும் விழும். மதிப்பெண் தாளை, ஒரு நல்லது ஒரு திருத்தம் எழுதி, ஆட்கள் காந்திபுரம் பஸ் ஏறும் முன்னால் கையில் கொடுத்துவிடுங்க. கேடயத்தை எடுத்துப்போகிறவர் ஈரத்தைத் துடைத்து, வளைவு மேலே பார்க்க, மேலே சுமை வைக்காமல் அட்டாலியில் வைக்கட்டும்.